நெஞ்சுக்குள் கேட்ட கிளிஞ்சல் சத்தம்

நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் உங்கள் கை முதலில் ஈசிஜி மிஷினுக்குப் போகும். போகட்டும், நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் காகிதம் வெளியே வருவதற்குள் அவர் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறீர்கள். போன பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்த தம்பியை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரிட்டையர் ஆனவளுக்குக் கண்ணும் ரிட்டையர் ஆகியிருக்கும் என்று நினைப்பு. அவனுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில். கெளுத்தி முள் குத்தி வீங்கிய கை, உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெந்துபோன கால், சர்க்கரை, பிரஷர், பிரசவம், இவைதான் அங்கே தினப்படி. நெஞ்சைத் திறக்கிற வேலைக்கெல்லாம் சென்னைக்குத்தான் போக வேண்டும். நடுவில் இருக்கிற தூரத்தை நோயாளி உயிரோடு கடக்க வேண்டுமே, அதைப் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இப்போதே வேறு வேலை தேடலாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அன்றைக்கு மதியம் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஏரிக்கரையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று நின்றால் மனசு ஒரு மாதிரியாகிவிடும். படகுகளில் கட்டியிருந்த கொடிகள் துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. புறநோயாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். ஜெரினா சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரத்தில் ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது.

இறங்கியவன் பெயர் சங்கர். பக்கத்துத் தோணிரேவு கிராமத்துக்காரன், நாற்பது வயது இருக்கும், மீன்பிடிப்பவன். ஒரு பக்கம் அவன் அண்ணன் மாரி தாங்கிப் பிடித்திருந்தான். இன்னொரு பக்கம் மனைவி தேசம்மா. அவளை எனக்கு முன்பே தெரியும். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற பெண்களில் ஒருத்தி. சங்கர் படுக்க மாட்டேன் என்றான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வேர்வை.

"இன்னா ஆச்சு?" என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டேன்.

மாரிதான் பதில் சொன்னான். "வாந்தி எடுத்தான் டாக்டரம்மா. எடுத்துகினு இருக்க சொல்ல நெஞ்சப் புடிச்சிகினு அலறிட்டான். அப்பால மூச்சு வாங்குது."

"அதுக்கப்புறம் ஏதாவது சாப்பிட்டாரா? குடிச்சாரா?"

"ஒண்ணும் துன்னல, ஒண்ணும் குடிக்கல." அவன் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. தேசம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாந்தி முதலில், வலி பிறகு. மாரடைப்பில் பெரும்பாலும் வலிதான் முன்னால் வரும், குமட்டல் பின்னால் வரும். எது முன்னே எது பின்னே என்று கேட்டு வாங்குவதற்கு மிஷின் கிடையாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும். எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது, ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

ஜெரினா ஈசிஜி எடுத்து, போனில் சென்னைக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்து பதில் வந்தது: பெரிதாக மாற்றம் இல்லை, இருந்தாலும் நெஞ்சுவலிக்கான மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புங்கள். சரியான பதில்தான். காகிதத்தை மட்டும் பார்க்கிறவர் வேறு என்ன சொல்ல முடியும்? ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற அந்த மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டம்ளரில் தண்ணீரோடு ஜெரினா வந்தாள். விரல்நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

தண்ணீரைப் பார்த்ததும் சங்கர் தலையைத் தூக்கினான். "தண்ணி," என்றான். "தண்ணி குடு."

அது ஒரு நாற்பது வயது ஆளின் குரல் இல்லை. மூக்கு வழியாக, ஒடுங்கி, எங்கேயோ குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. மாரி தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"இது எங்க நைனா கொரலு," என்றான். "டாக்டரம்மா, இது எங்க நைனா. தொண்டைல கட்டி வந்து செத்தாரு. சாவ சொல்ல இப்பிடித்தான் தண்ணி தண்ணின்னாரு. நாங்க ஊத்தனது எறங்கவேயில்ல."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. வெளியே காற்று இல்லை, உள்ளே விசிறி இல்லை, அந்த அறையில் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி, சுண்ணாம்புக்காகக் கொட்டி வைத்த கிளிஞ்சல் குவியல் ஒன்று இருந்தது. ஆடு ஏறினாலும் ஆள் நடந்தாலும் இப்படித்தான் சத்தம் வரும். ஜெரினா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"யாருமே இல்ல மேடம்."

சத்தம் நிற்கவில்லை. யாரோ அவசரம் இல்லாமல், ஒரே சீராக, கிளிஞ்சல் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். நான் சங்கரின் பக்கத்தில் போனேன். பக்கத்தில் போகப்போக சத்தம் கூடியது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் விரலுக்கடியில் நாடி ஒருமுறை துடித்தால், அங்கே ஒரு காலடி. மறுபடி துடித்தால் இன்னொரு காலடி. நடை அவன் நெஞ்சுக்குள் நடந்தது. உண்மையைச் சொல்கிறேன், பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டேன். படித்தவளாவது படிக்காதவளாவது, உடம்பு பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படத்தான் செய்யும்.

தேசம்மா மட்டும் புருஷன் கழுத்தைக் கையால் அணைத்துக்கொண்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இவர் கழுத்துல இறாலு துள்ளுது."

"என்னது?"

"தோலுக்கு அடியில. சின்ன சின்னதா. சேத்துல கைய வெச்சா விரலாண்ட துள்ளுமே, அந்த மாதிரி கீது." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நான் தொட்டேன். கழுத்தெலும்புக்கு மேலே தோல் லேசாக உப்பியிருந்தது. அழுத்தினால் பொடிப்பொடியாக நொறுங்கி விரலுக்கு அடியில் நகர்ந்தது. எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததற்கு அப்போது பெயர் கிடைத்தது. தோலுக்குக் கீழே காற்று. காற்று இருக்கக்கூடாத இடத்தில் காற்று. குரலைக் குடத்துக்குள் தள்ளியதும் அதுதான், இதயம் துடிக்கும்போதெல்லாம் நசுங்கிச் சத்தம் போட்டதும் அதுதான். வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது. காற்றும் எச்சிலும் வயிற்றிலிருப்பதும் இதயத்தைச் சுற்றிக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

"ஜெரினா, அந்த டம்ளரைக் கொண்டுபோய் வெளியே ஊற்று. மாத்திரை வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் இவர் வாய்க்குள் போகக்கூடாது," என்றேன். கிழிந்த இடத்தில் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை, அதுவும் தண்ணீரோடு. நினைத்துப் பாருங்கள். ஜெரினாவை நான் குறை சொல்லவில்லை. நெஞ்சுவலிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அவள் செய்ய வந்தாள்.

பிறகு மாரியைப் பிடித்தேன். "வாந்தி தானா வந்துதா, வரவெச்சீங்களா?"

அவன் முதலில் முழித்தான். நான் குரலை உயர்த்தியதும் எல்லாம் வந்தது. சங்கர் ஆறேழு மாதமாக இளைத்துக்கொண்டே வந்திருக்கிறான். சோறு இறங்கவில்லை, கடலுக்கும் போவதில்லை, ஏரிக்கும் போவதில்லை, சும்மா உட்கார்ந்து தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தான். யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இது நாம் எழுதித் தருகிற மருந்து இல்லை. ஒருவரை வசியப்படுத்தவோ உருக்கிக் கொல்லவோ சோற்றில் கலந்து தருவது என்று ஜனங்கள் நம்புகிற இடுமருந்து. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு வளரும் என்பார்கள். அதை வாந்தியாக எடுத்துத் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். புருஷன் இளைத்தால் மருந்து வைத்தவள் யார் என்று கேட்கவே வேண்டாம். தினமும் சோறு போடுகிறவள்தான்.

"மருந்து எடுக்கறவராண்ட இட்டுகினு போனோம். பச்சிலைச் சாறு குடுத்தாரு. வாந்தி வந்துச்சு, மருந்து வரல," என்றான் மாரி. "மறுபடி குடுத்தாரு. மருந்து தரையில வுழுந்தா திரும்பப் பூந்துக்குமாம், மண்சட்டிலதான் வுழணுமாம். சட்டி கொண்டார வரைக்கும் வாயத் தொறக்காத, அடக்குன்னாரு. இவன் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திகினு அடக்கனான். அப்பதான் அலறனது."

அடப்பாவிகளா. பாய்ந்து வருகிற வாந்தியை வாயை மூடி அடக்கினால் அது எங்கே போகும்? இருக்கிற வழி அடைத்தால் புது வழி பிறக்கும். அவன் உள்ளுக்குள் அந்தப் புது வழிதான் பிறந்திருந்தது.

இவ்வளவு சொன்ன மாரி, முடிவாகச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "மருந்து மேல வந்து தொண்டைல மாட்டிக்கினு கீது டாக்டரம்மா. அதான் கழுத்து வீங்குது. அதான் நைனா வந்து பேசுறாரு. இன்னொரு தபா வாந்தி எடுத்தா வந்துரும்னு அந்த மருந்து எடுக்கறவரு சொல்லி அனுப்பினாரு. ஆட்டோ நிக்குது, நாங்க இட்டுகினு போறோம்."

சின்னப் பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கோட்டை விடுவீர்கள். "மருந்தாவது மண்ணாவது, மூடநம்பிக்கை" என்று ஆரம்பிப்பீர்கள். நீங்கள் பேசி முடிப்பதற்குள் ஆட்டோ கிளம்பியிருக்கும். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மருந்து இருக்கிறதா இல்லையா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

"மாரி, உன் வலை நடுவுல கிழிஞ்சிருக்கு. மறுபடி தண்ணியில வீசுவியா, கரையில போட்டு கிழிசலை முடிவியா?"

"கிழிஞ்சத எவன் வீசுவான்? பூராவும் பிச்சிகினு பூடும்."

"உன் தம்பிக்கு உள்ளே சோறு போகிற குழாய் கிழிஞ்சிருக்கு. இன்னொரு வாந்தி எடுத்தா பூராவும் பிச்சுக்கும். அந்தக் கிழிசலை முடிகிற ஆள் சென்னையில இருக்கார். இன்றைக்கே முடியணும். நாளைக்குன்னா சீழ் பிடிச்சு முடிய ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவன் என்னைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். தம்பி அதே குடத்துக் குரலில் மறுபடி தண்ணீர் கேட்டான். மாரி கண்ணை மூடிக்கொண்டான். செத்த தகப்பன் தண்ணீர் கேட்கிறார், மகன் எப்படி மறுப்பான்? அந்தத் தயக்கத்தில் தேசம்மா என் கையைப் பிடித்து மருந்து அலமாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் ஒண்ணு சொன்னா என்னக் கொன்னுருவாங்க டாக்டரம்மா."

"சொல்லலைன்னா அவர் செத்துருவார். சொல்லு."

"என் கையால அவருக்கு ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு. வாந்தி எடுத்து வூட்டுக்கு இட்டாந்தப்ப மூஞ்சி வெளிறிக் கெடந்தாரு. மனசு கேக்கல. மாரி மாமா ஆட்டோ கூப்புடப் போன நேரத்துல கஞ்சி ஊத்திக் குடுத்துட்டேன். ரெண்டு வாய் உள்ள போச்சு. கத்தியால குத்தனா மாதிரி துடிச்சாரு. அதுலேருந்துதான் மூச்சும் வாங்குது. நான்தான் கொன்னுட்டேனா?"

விழுங்கியதும் குத்தல், குத்தலோடு மூச்சிரைப்பு. எனக்கு இருந்த கடைசி சந்தேகமும் போயிற்று. "நீ கொல்லலை. நீ இப்போ சொன்னதுதான் அங்கே டாக்டருக்கு முதல்ல தெரியவேண்டியது," என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மாரியிடம் போனாள்.

"மாமா, இவுரு செத்தா நான்தான் மருந்து வெச்சவளுன்னு ஊரு சொல்லிக்கட்டும். நானே கேட்டுக்கறேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

மாரி தலையை ஆட்டினான். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆக்சிஜன் வைத்து, கையில் ஊசி ஏற்றி, சீழ் பிடிக்காமல் இருக்க மருந்து போட்டு, அடுத்த டூட்டி டாக்டர் வரும்வரை ஆஸ்பத்திரியை ஜெரினாவிடம் விட்டுவிட்டு நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன். ஏறும்போதே சென்னைக்குப் போன் போட்டு நெஞ்சு அறுவைப் பிரிவு டாக்டரிடம் கஞ்சி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

வண்டி காட்டூர் தாண்டியிருக்காது. திரும்பிப் பார்த்தால் மாரி சட்டைக்குள்ளிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துவிட்டான். பாய்ந்து தட்டிவிட்டேன். பாட்டில் உருண்டு போயிற்று. அவன் கோபப்படவில்லை, அழுதான். "எங்க நைனாவுக்குதான் குடுக்க முடியல. இவனுக்காச்சும்..." என்று தேம்பினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுக்காதே என்று ஆயிரம் தடவை சொல்லலாம், கொடுக்கத் துடிக்கிற கை சும்மா இருக்காது. பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து அவன் கையில் கொடுத்தேன். "உதட்டை மட்டும் துடை. காய விடாதே. சென்னை வரைக்கும் இது உன் வேலை." அதற்கப்புறம் அவன் பாட்டிலைத் தேடவே இல்லை. இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

அனுப்பம்பட்டுப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் சைரனை நிறுத்தினார். ரயில் வருவதற்கு முன்னால் ஒரு அமைதி இருக்குமே, அந்த அமைதியில் மறுபடி அந்த நடை கேட்டது. முன்னைவிட வேகமாக. யாரோ கிளிஞ்சல் மேல் ஓடுகிற மாதிரி. டிரைவர் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கவே இல்லை. ரயில் தடதடவென்று போயிற்று. போய் முடிந்ததும் ஒன்றும் கேட்கவில்லை.

"நடக்கறது நின்னு போச்சு," என்றாள் தேசம்மா.

"போய்ட்டாரு," என்றான் மாரி. மேலே பார்த்துக் கும்பிட்டான். "நைனா போய்ட்டாரு."

அவர்கள் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி. நான் சட்டென்று ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்தேன். சங்கரின் இடது மார்பு உப்பி, மூச்சுக்கு அசையாமல் நின்றிருந்தது. கழுத்து நரம்புகள் புடைத்துவிட்டன. மூச்சுக்குழல் வலது பக்கம் தள்ளிப்போயிருந்தது. நாடி நூல் மாதிரி. உள்ளே சேர்ந்த காற்று நுரையீரலையும் இதயத்தையும் ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டிருந்தது. போனில் கேட்க நேரமில்லை, கேட் திறக்கக் காத்திருக்கவும் நேரமில்லை. இருப்பதிலேயே தடித்த ஊசியை எடுத்து இடது மார்பில் இறக்கினேன்.

சீறிக்கொண்டு காற்று வந்தது. அதோடு ஒரு வாசனை. அந்தச் சின்ன வண்டி முழுக்கப் பரவியது. பச்சிலை வாசனை, அதற்கு மேல் கஞ்சி வாசனை. ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ளிருந்து கஞ்சி வாசம் வருவதை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். முகரவே வேண்டாம். தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கையால் காய்ச்சிய கஞ்சி, அவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் சங்கரின் மார்பு அசைய ஆரம்பித்தது. நாடி திரும்பியது. அதோடு அந்த நடையும் திரும்பியது. சரக், சரக். மாரியின் முகம் வெளுத்தது. நான்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டு சந்தோஷப்பட்ட ஒரே ஆள்.

சென்னையில் தயாராக இருந்தார்கள். விலா இடுக்கில் குழாய் போட்டதும் பாட்டிலில் வந்து விழுந்ததை மாரி பார்த்துவிட்டான். பச்சையும் பழுப்புமாகத் தண்ணீர், அதில் வெள்ளை வெள்ளையாகப் பருக்கைகள்.

"பாத்தீங்களா, மருந்து!" என்று கத்தினான். "வெள்ளையா வந்துச்சு பாருங்க! இவதான், இவ வெச்சதுதான்!"

தேசம்மா சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். இரண்டு வழி இருந்தது எனக்கு. சளி, சீழ் என்று ஏதாவது சொல்லி மழுப்பலாம். இல்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லலாம். நான் அவன் சட்டையைப் பிடித்து பாட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"நல்லா பாரு. பச்சையா இருக்கே, அது நீங்க குடிக்க வெச்ச சாறு. அதை அடக்கச் சொன்னதுலதான் குழாய் கிழிஞ்சுது. வெள்ளையா இருக்கே, அது கஞ்சிப் பருக்கை. கிழிஞ்ச வழியா எது போனாலும் இங்கதான் வரும். தண்ணி குடுத்திருந்தா தண்ணியும் வந்திருக்கும். கஞ்சி குடுத்ததை இவ மறைக்காம சொன்னா. அதனாலதான் இவங்க எல்லாரும் கத்தியோட ரெடியா நிக்கிறாங்க. உன் தம்பி இளைச்சது சர்க்கரையால. ஜெரினா சிஸ்டர் ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சா. அதுக்கு யாரும் மருந்து வைக்க வேண்டாம், அதுவே வரும்."

அவன் பாட்டிலை விட்டு விலகி வந்தான். ஆனால் நம்பினான் என்றும் நான் சொல்லமாட்டேன்.

நெஞ்சைத் திறந்து கழுவி, கிழிந்ததைத் தைத்து, சாப்பாட்டுக்கு வயிற்று வழியாகக் குடலில் ஒரு குழாய் வைத்தார்கள். காய்ச்சலும் சீழுமாகப் பல வாரம் இழுத்தது. சர்க்கரை வேறு ஆட்டம் காட்டியது. ஆனால் பிழைத்தான். பிறகு சாயம் குடிக்க வைத்துப் படம் எடுத்து, எங்கும் கசியவில்லை, வாயால் சாப்பிடலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். கதை இங்கே முடிந்தது என்று நினைப்பீர்கள். அறுவை செய்த டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். "மேடம், உங்க பேஷண்ட் எதையும் முழுங்க மாட்டேங்கிறார். குழாயை எடுக்க முடியலை. இப்படியே போனா தையல் போட்டது வீண்."

அன்றைக்கே தோணிரேவுக்குப் போனேன். வீட்டைக் காட்டச் சொன்னால் தெருவில் இருந்தவர்கள் கையை மட்டும் நீட்டினார்கள், கூட யாரும் வரவில்லை. உள்ளே ஒரு ஆள் நடக்கிற உடம்பு என்று ஊர் முழுக்கப் பேச்சு. சங்கர் பாயில் உட்கார்ந்திருந்தான். குரல் பழையபடி அவனுடைய குரலாகிவிட்டிருந்தது. குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவது மாரியின் மனைவி. தேசம்மா அடுப்படி வாசலைத் தாண்டி வரவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் இருந்த நாள் பூராவும் பக்கத்திலேயே இருந்தவள், வீட்டுக்கு வந்ததும் அவன் பாத்திரத்தைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா முழுங்க மாட்டேங்கிறே?" என்றேன்.

"உள்ள தூங்கிகினு கீது டாக்டரம்மா," என்றான் மெதுவாக, எதுவோ கேட்டுவிடும் என்று பயந்த மாதிரி. "கஞ்சி போனா முழிச்சிக்கும். அன்னிக்கி கஞ்சி போனப்புறம்தான் வேகமா நடந்துச்சு."

ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டேன். இதயம் இதயமாகத் துடித்தது, வேறொன்றும் இல்லை. "ஒண்ணும் இல்லை," என்றேன்.

"ரயில் போனப்புறமும் ஒண்ணும் இல்லதான். எனக்கு ஞாபகம் கீது. அமைதியாதான் இருந்துச்சு. அமைதியா இருந்தா போய்ட்டுதுனு அர்த்தமா?"

எத்தனையோ பேரைத் திட்டியே சாப்பிட வைத்தவள் நான், அன்றைக்குத் திட்ட வாய் வரவில்லை. சங்கர் என்னைத் தாண்டி அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"மொதல்ல அவதான் தொட்டுப் பாத்து சொன்னா. அவ கேக்கட்டும். அவ இல்லன்னா, இல்ல. கஞ்சியும் அவளே குடுக்கட்டும். வேற யாரு குடுத்தாலும் வாணாம்."

தேசம்மா அசையவில்லை. அவள் மாரியைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, வெளிச்சம் பின்னால் இருந்தது. பிறகு உள்ளே போய், அடுப்புமேல் இருந்த கஞ்சிச் சட்டியை அவனே எடுத்து வந்து தேசம்மாவின் கையில் வைத்தான்.

ஸ்டெதஸ்கோப்பை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து, புருஷன் நெஞ்சில் நேராகக் காதை வைத்துக்கொண்டாள். அப்படியே கையை மட்டும் உயர்த்தி ஒரு கரண்டி கஞ்சியை அவன் வாயில் ஊற்றினாள். அவன் கண்ணை இறுக்கி மூடி விழுங்கினான். மாரியின் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தேசம்மா காதை எடுக்கவில்லை. இன்னொரு கரண்டி. அதற்கப்புறம் இன்னொன்று. வெளியே ஏரிக்காற்று வீசுகிற சத்தம் தவிர அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

கடைசியில் அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"யாரும் நடக்கல. கஞ்சிதான் எறங்குது."